அழுதது ஒரு தடவைதான்

தம்பின் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மயிலம்மாள் வடைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் கடைக்கு முன்னால் வந்து நின்று ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். வாங்க வந்தவர்கள் மாதிரித் தெரியவில்லை. வடைத் தட்டைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் குனிந்து சிரித்தார்கள். கடைசியில் கண்ணுக்குப் பட்டையாக மை தீட்டியிருந்த ஒரு பெண் தைரியம் வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆன்ட்டி, அந்த அரசு ஆன்ட்டி நீங்கதானே?"

மயிலம்மாளுக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. அந்தப் பெயரை வெளியாள் வாயிலிருந்து கேட்டு வருஷக்கணக்காகிறது. வீட்டில்கூட யாரும் சொல்வதில்லை. அவள் முகம் தன்னால் மலர்ந்தது. "ஆமாம்மா, அரசோட அம்மாதான். உங்கப்பா அவன்கூடப் படிச்சவரா?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க ஆன்ட்டி. ப்ளீஸ் லா. நாங்க வீடியோ எடுத்துக்கிறோம்" என்றாள் மைக்காரி. பக்கத்திலிருந்த பையன் கைப்பேசியை மயிலம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டி ஒரு காணொளியை ஓட்டினான். ஒரு பூனை மேசை மேல் தாவித் தட்டிலிருந்த பொரித்த மீனைக் கவ்விக்கொண்டு ஓடியது. தட்டுக்காரன் தலையில் கை வைத்தான். அப்போது ஒரு பெண்ணின் குரல், தொண்டை கிழிகிற குரல், தாளத்தோடு வந்தது: "அரசூ... அவனையும் எடுத்துக்கிட்டியாடா..."

பையன் விரலால் தள்ளினான். அடுத்ததில் ஒருத்தியின் காதலனை இன்னொருத்தி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனாள். அதே குரல். அதற்கடுத்ததில் சம்பளம் வந்த கையோடு பணம் பறந்து போவது மாதிரிப் படம். அதே குரல்.

அது தன்னுடைய குரல் என்று மயிலம்மாளுக்கு மூன்றாவதில்தான் உறைத்தது. எண்ணெயில் வடைகள் கறுத்துக்கொண்டிருந்தன. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கடைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்தாள். பிள்ளைகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "கோபமா இருக்காங்க போல" என்று சொல்லிக்கொண்டு சாத்தே சுடுகிற கடைப் பக்கம் போய்விட்டார்கள்.

திருநாவுக்கரசு என்பது அவளுடைய மூத்த மகனின் பெயர். தோட்டத்தில் எல்லோருக்கும் அவன் அரசு. கெமாஸ் போகிற பாதையில் தோட்டத்துச் சாலை வந்து சேருகிற முனையில், செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரிக்கு அடியில் மோட்டாரோடு போய்விட்டான். அப்போது அவனுக்கு மீசை சரியாக அடர்ந்திருக்கவில்லை. செய்தி தொலைபேசியில்தான் வந்தது. அன்றைக்கு மயிலம்மாள் போட்ட சத்தம் லயத்து வீடுகளின் பலகைச் சுவர்களையெல்லாம் தாண்டிப் போனது. அவள் மயங்கி விழுந்து கிடந்ததால், கொண்டுவந்து கிடத்திய பிள்ளையின் முகத்தைத் துடைத்தவள் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி. இருவரும் ஒரே நிரையில் கித்தா மரம் சீவி ரப்பர் பால் எடுத்தவர்கள். அந்தச் சாவில் புஷ்பவள்ளியின் காலைக் கட்டிக்கொண்டு நின்ற சின்னப் பையன்தான் முகுந்தன். அரசு தன் மோட்டாரின் எண்ணெய் டாங்கி மேல் உட்கார வைத்துத் தோட்டமெல்லாம் சுற்றிக் காட்டிய பிள்ளை.

லயங்களை இடித்த பிறகு அவர்களுக்குத் தோட்டத்து ஓரத்திலேயே மலிவு விலை வீடுகள் கிடைத்தன. அங்கேயும் இரண்டு பெண்களும் பக்கத்துப் பக்கத்து வீடு. முகுந்தன் படித்து, சிரம்பான் பக்கம் செண்டாயானில் ஒரு கடையின் மாடியில் ஒரு விளம்பர அலுவலகம் நடத்தினான். ஊருக்கு வந்தால் முதலில் மயிலம்மாள் வீட்டு அடுப்படிக்குத்தான் வருவான். "பெரியம்மா, என்ன இருக்கு?" என்று சட்டி மூடியைத் திறப்பான்.

அப்படித்தான் தீபாவளிக்குச் சில மாதங்கள் இருக்கும்போது இரண்டு ஆட்களோடும் படமெடுக்கும் கருவிகளோடும் வந்தான். சிம் கார்டு கம்பெனி ஒன்றுக்கு விளம்பரம் என்றான். பெரியம்மா வடை சுடுவதை எடுக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றான். அவளும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு மாவைத் தட்டினாள். நடுவில் அவள் கைப்பேசி அடித்தது. போலீஸ் என்று ஒருவன் மலாயில் பேசினான். ஷங்கர் உன் மகன்தானே, ஜொகூர் போகிற பாதையில் அவன் டிரெய்லர் கவிழ்ந்துவிட்டது, மருத்துவமனைக்கு வந்து பிள்ளையை அடையாளம் காட்ட வேண்டும் என்றான்.

மயிலம்மாளுக்கு இருந்த ஒரே பிள்ளை இப்போது ஷங்கர்தான். அதற்கப்புறம் நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகமிருந்தது. தரை முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. மாவுச்சட்டி உருண்டது. தான் கத்துகிறோம் என்றுகூடத் தெரியாமல் கத்தினாள். அவள் அழைத்தது ஷங்கரை அல்ல, மேலே போய் உட்கார்ந்துகொண்டு தம்பியையும் கூப்பிட்டுக்கொண்ட மூத்தவனை. பிறகு முகுந்தன் ஓடி வந்து அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "ஒன்னும் இல்ல பெரியம்மா, சும்மா, விளம்பரத்துக்குத்தான். இந்தா பாருங்க, ஷங்கர் அண்ணன்" என்று கைப்பேசியைக் காட்டினான். அதில் ஷங்கர் எங்கோ ஒரு சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டு, "என்னம்மா?" என்றான். அவள் முகுந்தனின் முதுகில் மாறி மாறி அடித்தாள். அடியை வாங்கிக்கொண்டு அவன் சிரித்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. ஷங்கர் உயிரோடு இருக்கிற சந்தோஷத்தில் அவள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள். முகுந்தன் கொடுத்த புதுக் கைப்பேசியையும் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவளுக்கு ராஜமரியாதையாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கோயிலில் முன்பின் தெரியாத பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். "ஃபேஸ்புக்குல பாத்தேன்கா. என் மகனுக்கு உடனே போன் போட்டேன்" என்றார்கள். ரெம்பாவிலிருந்து ஒரு அம்மாள் அவளுக்குச் சேலை வாங்கி அனுப்பினாள். புஷ்பவள்ளிதான் அந்தக் காணொளியை அவளுக்குப் போட்டுக் காட்டினாள். வயலின் இழைய, அழுகிற தாயின் முகம் மெல்ல மங்கி, ஷங்கரின் முகம் வர, 'ஒரு குரல் போதும்' என்று எழுத்து விழும். "என் மவன் உன்ன ராணி மாதிரி காட்டிட்டான்கா" என்று புஷ்பவள்ளி ஒவ்வொரு முறையும் மூக்கைச் சிந்தினாள். மயிலம்மாளுக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

பாசார் மாலாமுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஷங்கரின் மனைவி ரோகினி செண்டாயானிலிருந்து வந்திருந்தாள். அங்கே தொழிற்சாலையில் வேலை. மயிலம்மாள் நடந்ததைச் சொன்னதும் ரோகினி முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ஃபாக்டரில சின்னப் பிள்ளைங்க வச்சிருக்காங்க அத்த. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"நீ பாத்தது எது?"

ரோகினி கையைத் துடைத்துக்கொண்டு தன் கைப்பேசியில் வேறொன்றைக் காட்டினாள். அதில் சிரிப்பும் இல்லை, வயலினும் இல்லை. வெள்ளைப் பின்னணியில் மயிலம்மாளின் நடுங்குகிற கை மட்டும். 'கடைசியாக அம்மாவுக்கு எப்போது போன் செய்தாய்?' என்று ஒரு கேள்வி. "எங்க வயசுக்காரங்களுக்கு இதுதான் வரும். ஒவ்வொரு வயசுக்கு ஒவ்வொரு மாதிரி வெட்டி அனுப்புவாங்க அத்த. யார் யாருக்கு எது போகணும்னு அவங்கதான் வைப்பாங்க."

மயிலம்மாள் சிரிப்பு, அழுகை, கேள்வி மூன்றையும் மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நான் அழுதது ஒரு தடவதான்டி."

அடுத்த வாரமே அவள் ரோகினியோடு முகுந்தனின் அலுவலகத்துக்குப் போனாள். குளுகுளு அறை. சுவர் நிறைய எழுத்துகள். முகுந்தன் எழுந்து வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டு, அவளுக்குக் குடிக்க மைலோ வரவழைத்தான். அவனிடம் கள்ளத்தனம் எதுவும் தெரியவில்லை. நல்ல மார்க் வாங்கிய பிள்ளை வீட்டில் காட்டுகிற மாதிரி, கணினியைத் திருப்பி வைத்து அவளுக்கு விளக்கினான்.

"இருபது வயசுக்காரன் மூனு செகண்டு பாப்பான் பெரியம்மா, புடிக்கலன்னா தள்ளிருவான். அவனுக்குச் சிரிப்புதான். அதுவும் கம்பெனி போட்ட மாதிரி இருக்கக்கூடாது, தானா பரவுன மாதிரி இருக்கணும். அதனால நானே சில பிள்ளைங்களுக்குக் காசு குடுத்து மொதல்ல ஆரம்பிச்சு வச்சேன். முப்பது நாப்பதுக்குச் சிரிப்பு வேலைக்காவாது. குத்தம் செஞ்ச மாதிரி உறுத்தணும். அம்பதுக்கு மேல..." அவன் கொஞ்சம் மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினான். "அம்பதுக்கு மேல அழுவாங்க. கடைசி வரைக்கும் பாப்பாங்க, பத்துப் பேருக்கு அனுப்புவாங்க. அவங்கதான் வாங்குவாங்க."

"அரசு பேரு உள்ள வருதே, தெரிஞ்சுதான் விட்டியா?"

"அதுதான் பெரியம்மா பிக்கப் ஆச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அது ஒரு பேருன்னே தெரியாது. கவுருமெண்டத் திட்டுறாங்கன்னு நெனச்சுக்கிட்டுச் சிரிக்குது."

மைலோவில் ஆடை படிந்துகொண்டிருந்தது. "அதெல்லாம் எடுத்துடு முகுந்தா" என்றாள் மயிலம்மாள்.

"என் கைல இல்ல. வெளிய போயிடுச்சு. இனிமே யார் வேணாலும் போடலாம்."

"என்ன ஏன்டா புடிச்ச? ஊர்ல எத்தன பொம்பளைங்க இருக்காங்க."

அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான். அதில் பாசம்கூட இருந்தது. "மத்தவங்க நடிப்பாங்க பெரியம்மா. உங்க அழுக எனக்குத் தெரியும். சின்ன வயசுல கேட்டது, இன்னும் காதுல இருக்கு. அது வேணும்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

ரோகினி அத்தையின் கையைப் பிடித்தாள். இந்தப் பிள்ளை ஒரு சாவு வீட்டில் நின்று அழுகையைக் கேட்டு, எடுத்து வைத்துக்கொண்டு, வளர்ந்து, கடை போட்டு, விற்றிருக்கிறான். மயிலம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதே புஷ்பவள்ளியின் மூக்கு. அவனை அப்படியே அறைந்துவிட்டுப் போயிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் அறையவில்லை. வேறொன்று கேட்டாள்.

"உங்கம்மாவுக்கு இந்தச் சிரிக்கிறது வந்துச்சா?"

"அம்மாவுக்கு எப்படி வரும்? அவங்க வயசுக்குப் போகாது. அழுறதுதான் போவும்" என்று அவன் சிரித்தான். "தீபாவளிக்கு ஃபேஸ்புக்குல நேரடியா ஒரு லைவ் பண்ணலாம்னு இருக்கேன். நீங்களும் அம்மாவும் சேந்து முறுக்கு புழியுற மாதிரி. அம்பதுக்கு மேலதான் டார்கெட். நீங்க வந்தீங்கன்னா கம்பெனிக்கு ரொம்ப சந்தோஷம்."

"வரேன்" என்றாள் மயிலம்மாள்.

காரில் திரும்பும்போது ரோகினி கோபமாகக் கேட்டாள்: "ஏன் அத்த சரின்னீங்க?" மயிலம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழி நெடுக செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பி அவளைப் பார்ப்பது போல் கடந்தன. ஏதோ ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. கனமாக இருந்தாலும் அது அவளுக்குத் தெம்பாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், அந்தப் பூனைக் காணொளியைத் தன் கைப்பேசியில் எப்படி வைத்துக்கொள்வது, எப்படிப் போடுவது என்று ரோகினியிடம் கற்றுக்கொண்டாள். ரோகினி போன பிறகு தனியாக உட்கார்ந்து, தடுமாறாமல் வரும்வரை விரலால் அழுத்திப் பழகினாள். ஒவ்வொரு முறையும் மகனின் பெயர் கேட்டது. கேட்கக் கேட்க அவளுக்குத் தெம்பு கூடியது.

இடைப்பட்ட வாரங்களில் புஷ்பவள்ளி தினமும் வந்துபோனாள். என்ன கலர் சேலை கட்டலாம், மூக்குத்தி போடலாமா, முறுக்கில் ஓமம் சேர்க்கலாமா. மயிலம்மாள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு நாள் புஷ்பவள்ளி தேங்காய் துருவிக்கொண்டே, "அரசு இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் பாத்துக் கேலி பண்ணியிருப்பான்கா" என்றாள். அந்த நிமிஷம் சொல்லிவிடலாம் போலிருந்தது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் இங்கே சொன்னால் புஷ்பவள்ளி அழுவாள், மகனைக் கூப்பிட்டுத் திட்டுவாள், அவன் அம்மாவின் காலைப் பிடிப்பான், இரவுச் சாப்பாட்டோடு எல்லாம் சரியாகிவிடும். மயிலம்மாள் துருவிய தேங்காயை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

லைவ் மயிலம்மாள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. பாய் விரித்து, குத்துவிளக்கு வைத்து, இரண்டு பெண்களையும் முறுக்கு அச்சோடு உட்கார வைத்தார்கள். மூன்று கால் தாங்கியில் நின்ற கைப்பேசிக்குப் பின்னால் முகுந்தன். அவன் அலுவலகப் பெண் ஒருத்தி வருகிற கருத்துகளை உரக்கப் படித்தாள். கோலப்பிலாவிலிருந்து வணக்கம்மா. கிள்ளானிலிருந்து, உங்க ரெண்டு பேரையும் பாக்க எங்கம்மா ஞாபகம் வருது. ஈப்போவிலிருந்து ஒரு தாத்தா, முறுக்கு எனக்கு ரெண்டு. புஷ்பவள்ளி வெட்கப்பட்டுக்கொண்டு எல்லோருக்கும் கை கூப்பினாள். மாவு முழங்கை வரை ஒட்டியிருந்தது. ஆட்கள் கூடக் கூட முகுந்தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"பெரியம்மா, அன்னிக்கு அந்த போன் வந்தப்ப உங்க மனசுல என்ன ஓடுச்சு? அத நம்ம சொந்தங்களுக்குச் சொல்லுங்க" என்றான்.

மயிலம்மாள் கையைத் துணியில் துடைத்தாள். "சொல்றேன்" என்றாள். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் பேரு திருநாவுக்கரசு. மோட்டார் ஆக்சிடன்ல செத்துட்டான். அவன் மூஞ்சியத் தொடச்சவ இதோ பக்கத்துல இருக்கா. அன்னிக்கி என்ன ஏமாத்தி அழ வச்சப்ப அவன் பேரத்தான் சொன்னேன். நீங்கெல்லாம் பாத்து அழுதீங்க. உங்க பேரப் பிள்ளைங்களுக்கு என்ன அனுப்பியிருக்காங்கன்னு நீங்க பாக்கல. புஷ்பா, நீயும் பாக்கல. இப்ப பாரு."

அவள் விரல் தடுமாறவில்லை. கைப்பேசியைப் புஷ்பவள்ளியின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தாள். பூனையைப் பார்த்ததும் புஷ்பவள்ளி சிரித்தாள். மீன் போனது. குரல் வந்தது. சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்ச நேரம் இறங்க வழி தெரியாமல் நின்றது. மயிலம்மாள் மறுபடி போட்டாள்.

"இது அரசுப் பேரு" என்றாள் புஷ்பவள்ளி. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. பிறகு தாங்கியிலிருந்த கைப்பேசியை நேராகப் பார்த்துக் கேட்டாள். "முகுந்தா, இது நீ செஞ்சதா?"

முகுந்தன் எட்டி வந்து தாங்கியைப் பிடித்தான். "அம்மா, அது வேற வயசுக்காரங்களுக்கு..."

"நிறுத்தாதடா" என்றாள் மயிலம்மாள், குரலை உயர்த்தாமல். "அம்பதுக்கு மேல உள்ளவங்க கடைசி வரைக்கும் பாப்பாங்கன்னு நீதானே சொன்ன."

கருத்து படிக்கிற பெண் படிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். புஷ்பவள்ளி மாவு ஒட்டிய இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கையை எடுத்தபோது கண்ணாடி, நெற்றி, கன்னம் எல்லாம் வெள்ளையாக இருந்தது. அதில் கண்ணீர் கோடு போட்டு இறங்கியது. மயிலம்மாள் அதைப் பார்க்கவில்லை. அவள் முகுந்தனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் காத்திருந்தது அந்த முகத்துக்காகத்தான். தன் அம்மாவின் அழுகையைக் கேட்டுக்கொண்டு, கை ஓடாமல், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் அவன் நின்றான். அவள் அதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி இருந்தது.

முகுந்தன் சொன்னது சரிதான். லைவைப் பார்த்த பெரியவர்கள் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள், பத்துப் பேர் நூறு பேருக்கு. குரல் பதிவுகள் கெமாஸிலிருந்து சிரம்பான் வரை சுற்றின. கோயில் தலைவர் இராஜமாணிக்கம் தீபாவளி உபயத்துக்கு அந்தக் கம்பெனியின் பதாகை வேண்டாமென்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் கடைக்குப் போய் சிம் கார்டை மேசை மேல் வைத்துவிட்டு வந்தார்கள். கம்பெனி முகுந்தனைக் கைகழுவியது. அவன் செண்டாயான் அலுவலகத்தைக் காலி செய்துகொண்டு ஜொகூர் பக்கம் போய்விட்டதாக ஷங்கர் சொன்னான். "அவ்வளவு தூரம் போயிருக்க வேணாம்மா நீ" என்றும் சொன்னான். மயிலம்மாள் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

தீபாவளி கழிந்த ஞாயிறன்று ரோகினி வந்தாள். வந்ததிலிருந்து கைப்பேசியைக் கவிழ்த்தே வைத்திருந்தாள். மயிலம்மாள் அதைக் கவனித்துவிட்டு, "காட்டு" என்றாள்.

"வேணாம் அத்த."

"காட்டுடி."

மாவு அப்பிய முகம். கண்ணாடிக்குள் இரண்டு ஓட்டைகள் மாதிரிக் கண்கள். யாரோ அதை மட்டும் வெட்டி எடுத்து, கீழே 'பவுடர் ஜாஸ்தியாயிடுச்சு' என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்றில் அந்த முகம் பேய்ப் படக் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. ஆயிரக்கணக்கில் சிரிப்பு. "இது முகுந்தன் போட்டது இல்ல" என்றாள் ரோகினி. "யாரோ பிள்ளைங்க. லைவ்லேருந்து எடுத்துட்டாங்க."

அதை மயிலம்மாள் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். திரும்பக் கொடுக்கும்போது கவிழ்த்தே கொடுத்தாள்.

புஷ்பவள்ளி மறுநாள் காலை வந்தாள். லைவ் நடந்த நாளுக்குப் பிறகு அவள் இந்தப் படி ஏறியதில்லை. கையில் ஒரு துணிப்பை. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"கெமாஸ்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இங்க பாசாருக்குப் போனா பிள்ளைங்க பாத்துச் சிரிக்குது."

"நானும் பாத்தேன்" என்றாள் மயிலம்மாள்.

"அவன் செஞ்சது பாவம்கா. அதுக்கு நான் ஒன்னும் சொல்ல வரல. பெத்தவ நானே அவன்கிட்ட பேசறதில்ல." புஷ்பவள்ளி வாசற்படியின் சிமெண்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஆனா உனக்கு முன்னாடியே தெரியும். தெனமும் வந்துகிட்டு இருந்தேன். சேலை கலர் கேட்டேன். வீட்டுக்குள்ள வச்சுச் சொல்லியிருந்தா நான் அவன் சட்டையப் புடிச்சு உன் கால்ல போட்டிருப்பேன்ல? எல்லாரும் பாக்க என்ன ஏன்கா உக்கார வச்ச?"

பொய் சொல்ல மயிலம்மாளுக்கு வழி இருந்தது. அப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மன்னித்துக்கொள் என்று கையைப் பிடித்திருக்கலாம். புஷ்பவள்ளியும் அதற்காகத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றாள் மயிலம்மாள். "உன் மூஞ்சி மாறுறத அவன் பாக்கணும்னு செஞ்சேன்."

புஷ்பவள்ளி தலையை ஆட்டினாள். ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை இன்னொரு முறை கேட்டவள் மாதிரி ஆட்டினாள். "என் மூஞ்சிதான் கெடச்சுதா உனக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பஸ் நிற்கிற இடம் வீட்டுக்கு நேர் எதிரே, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். கூரை எதுவும் இல்லை, ஒரு கம்பம் மட்டும். புஷ்பவள்ளி சாலையைக் கடந்து போய்ப் பையைக் காலடியில் வைத்துவிட்டு நின்றாள். மயிலம்மாள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இங்கிருந்து பார்த்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். செம்பனைக் குலைகளை மலையாக ஏற்றிய லோரி ஒன்று வேகம் குறைத்து, இரண்டு பெண்களுக்கும் நடுவில் நீளமாக ஊர்ந்து போனது. அது போய் முடிந்தபோது புஷ்பவள்ளி குடையை விரித்திருந்தாள். தோட்டத்துக்கு அப்பாலிருந்து மழை இறங்கிச் சாலையை நனைக்கத் தொடங்கியிருந்தது.

காற்று எதிர்ப்பக்கத் தோட்டத்திலிருந்து அடித்தது. சாரல் புஷ்பவள்ளியின் முதுகை நனைத்து, சேலையை ஒட்ட வைத்தது. குடை மட்டும் அவள் முகத்தை மறைத்து, இந்த வீட்டைப் பார்த்தே சாய்ந்திருந்தது.